பேரன் சுமந்த பொரிமூட்டை

வைகாசி மாதத்தின் கடைசி வாரம். கோடை விடுமுறைக்காகப் பெங்களூருவிலிருந்து வந்திருந்த என் பேரன், நாமக்கல்லில் எங்கள் வீட்டு ஊஞ்சலில் அமர்ந்து, பள்ளியில் கொடுத்தனுப்பியிருந்த விடுமுறைக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதினான்கு வயது. கட்டுரைக்கு மூன்று தலைப்புகள். எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு, நான் செல்ல விரும்பும் சுற்றுலா, எங்கள் குடும்ப மரபு.

முதல் இரண்டையும் அவன் விரைவாக எழுதி முடித்துவிட்டான். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நண்பர்களோடு கைப்பேசியில் சேர்ந்து விளையாடும் விளையாட்டுத்தான் அவனுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. செல்ல விரும்பும் நாடு ஜப்பான். ஃபியூஜி மலையைப் பார்க்கவேண்டும். புல்லட் ரயிலில் போகவேண்டும். அவன் விரும்பிப் படிக்கும் படக்கதைகள் பிறந்த ஊர்த் தெருக்களில் நடக்கவேண்டும். இவற்றை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தான். மூன்றாவது தலைப்பின் கீழ் மட்டும் ஓர் எழுத்தும் இல்லை.

"தாத்தா, நம் வீட்டு மரபு என்று எதை எழுதுவது?"

இப்படியொரு கேள்விக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன்! கொல்லிமலை அறப்பளீசுவரர் சந்நிதிக்கு ஆடிப் பதினெட்டன்று எங்கள் குடும்பம் சென்று வருவதை, என் பாட்டனார் காலத்திலிருந்து தொடங்கி விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்ட அவன் இறுதியில் இப்படிச் சொன்னான்:

"அது உங்கள் மரபு தாத்தா. நான் இரண்டு முறைதான் வந்திருக்கிறேன். இரண்டு முறையும் காரில் தூங்கிவிட்டேன். கோயிலில் வரிசையில் நின்றதுதான் நினைவிருக்கிறது. அதை நான் எப்படி என் மரபு என்று எழுதுவது?"

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஆண்டு பயிற்சி வகுப்பு இருப்பதால் ஆடிக்கு வர இயலாது என்று அவன் தந்தை முன்னரே தொலைபேசியில் சொல்லியிருந்ததும் அந்தக் கோபத்தோடு சேர்ந்துகொண்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டான்.

"என் வயதில் உங்களுக்கு எது பிடித்த பொழுதுபோக்கு? எந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டீர்கள்?"

யோசித்துப் பார்த்தேன். மனம் அறிந்து பொய் சொல்லலாகாது. அவனுடைய மூன்று தலைப்புகளுக்கும் என்னிடம் இருந்த விடை ஒன்றே: ஆடிப் பதினெட்டு.

* * *

துறையூரை அடுத்த ஒரு சிற்றூர் எங்களுடையது. ஊரில் திரையரங்கு கிடையாது. வானொலிப்பெட்டி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் ஊரை விட்டுக் கிளம்புவது ஆடிப் பதினெட்டுக்காகத்தான். முதல்நாள் மாலை மாட்டுவண்டிகளில் புளியஞ்சோலை போய்ச் சேர்ந்து, ஆற்றோரத்தில் படுத்துறங்கி, விடியலுக்கு முன் எழுந்து காட்டுவழியே மலையேறுவோம்.

கொல்லிமலையின் மேலே அறப்பளீசுவரர் கோயிலையொட்டி ஓடும் ஐயாறு, சற்றுத் தொலைவில் ஆகாய கங்கை அருவியாக ஏறக்குறைய முந்நூறு அடி வீழ்ந்து, காட்டுக்குள் இறங்கிப் புளியஞ்சோலையில் சமவெளியைத் தொடுகிறது. ஆகவே நாங்கள் ஏறுவது, ஐயாறு இறங்கி வரும் திசைக்கு எதிராக. "தண்ணீர் கீழே வருகிறது, நாம் மேலே போகிறோம், நடுவில் இருவரும் சந்தித்துக்கொள்கிறோம்" என்பார் என் பாட்டனார்.

முதன்முதலாக நான் மலையேறியது 1970ஆம் ஆண்டில். எனக்குப் பன்னிரண்டு வயது. கிளம்புகையில் என் தந்தை ஒரு மஞ்சள் துணிப்பையை என் தோளில் மாட்டினார். அதில் இரண்டு படி பொரி இருந்தது. "ஐயாற்று மீனுக்குப் படைத்துவிட்டுத்தான் சாமி தரிசனம். நனைத்துவிடாதே, தின்றுவிடாதே. இது உன் பொறுப்பு" என்றார்.

அந்த மீனின் கதையை வாசகர்கள் பலரும் அறிந்திருப்பர். ஐயாற்றில் பிடித்த மீனை அறுத்துக் குழம்பு வைத்தபோது, அறுபட்ட துண்டுகள் ஒன்றுகூடி உயிர்பெற்று மீண்டும் ஆற்றுக்குள் துள்ளிப் பாய்ந்தன என்பது தலவரலாறு. இறைவன் அந்த மீன்களில் உறைகிறான் என்பதால் அவற்றுக்கு உணவளித்த பின்னரே சந்நிதிக்குள் செல்வது வழக்கம். தேவாரத்தில் வைப்புத்தலமாகப் போற்றப்பெறும் இத்தலத்து இறைவனை முன்னிலைப்படுத்தித்தான், இல்லற நெறிகளையும் உலகியல் நடைமுறைகளையும் எடுத்துரைக்கும் அறப்பளீசுர சதகத்தை அம்பலவாணக் கவிராயர் பாடினார்.

ஏறும் வழியெல்லாம் கதைகள்தாம். ஓரிடத்தில் இளைப்பாறும்போது, யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பால் வீழ்த்திய வல்வில் ஓரியின் கதை. அதைப் புறநானூற்றில் பாடியவர் வன்பரணர் என்பதெல்லாம் பின்னாளில் அறிந்தது. இன்னோரிடத்தில், சிரித்தே பகைவரை மாய்க்கும் கொல்லிப்பாவையின் கதை. கட்டுச்சோறாகப் புளிச்சோறும் எள்ளுருண்டையும். இரவில் கோயில் வெளியில் பறைமுழக்கமும் ஆட்டமும். உறங்குவதற்கு யாருக்கும் மனம் வராது.

ஓர் உண்மையையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அன்று சந்நிதியில் நின்றபோது என் நெஞ்சில் பக்தி பெருகியது என்று சொல்ல மாட்டேன். பொரி நனையாமல் வந்து சேர்ந்தது; மீன்கள் என் கைக்கு அருகில் வந்து உண்டன; இதைத் தந்தை பார்த்துத் தலையசைத்தார். என் மனம் முழுவதும் அதிலேயே இருந்தது. பக்தி பிறகு வந்தது, மெதுவாக, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சமாக. முதலில் என்னை அங்கே இழுத்தது அந்த மஞ்சள் பைதான்.

* * *

பின்னாளில் வங்கி அதிகாரியாகி, கொல்லிமலையிலேயே மூன்று ஆண்டுகள் பணியாற்றும் பேறு கிடைத்தது. வாழவந்தி நாட்டில் உள்ள செம்மேட்டில் குடியிருந்தேன். இம்மலையில் ஊர்கள் 'நாடு' என்ற பெயரால் தொகுக்கப்பட்டுள்ளன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று அடுக்கிச் சொல்லும்போதே காதுக்கு இனிமை. அறப்பளீசுவரர் எழுந்தருளியிருப்பது வளப்பூர் நாட்டில். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று உடன்பிறந்தோர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். வரலாற்று நூலில் படித்து அவர்கள் இதைச் சொல்லவில்லை. பாட்டி பேரனுக்குச் சொல்லிச் சொல்லி நிற்பது அது.

அக்காலத்திலேயே எங்கள் குடும்பம் புளியஞ்சோலைக் காட்டுவழியை விட்டுவிட்டது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பேருந்து வந்தது. பிறகு வாடகைக் கார். அப்புறம் மகனுடைய சொந்தக் கார். காலையில் கிளம்பி, தரிசனம் முடித்து, இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். வசதிதான். மறுப்பதற்கில்லை. முழங்கால் வலிக்கும் எனக்கே கார் இல்லாவிட்டால் தரிசனம் ஏது?

ஆனால் பேரனின் கேள்விக்குப் பிறகு, ஒரு வங்கிக்காரனுடைய பழக்கத்தில் கணக்குப் பார்த்தேன். எங்கள் காலத்தில் பொழுதுபோக்கு, சுற்றுலா, மரபு ஆகிய மூன்றும் ஒரே பேரேட்டில் இருந்தன. திருவிழாதான் எங்களுக்குக் கேளிக்கை. யாத்திரைதான் விடுமுறைப் பயணம். இரண்டும் சேர்ந்ததுதான் குடும்ப வழக்கம். இன்று மூன்றையும் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்துவிட்டோம். கேளிக்கை கைப்பேசிக்குப் போயிற்று. விடுமுறை வெளிநாட்டுக்குப் போயிற்று. எஞ்சிய மரபை மட்டும், அதிலிருந்த இனிமையையெல்லாம் எடுத்துவிட்டு, 'வா, வரிசையில் நில், கும்பிடு, கிளம்பு' என்று பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். அவர்கள் வாங்க மறுத்தால் கலிகாலம் என்கிறோம்.

இதை மகனிடம் சொன்னேன். இவ்வாண்டு ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததும் இறைவன் திருவுளமே. ஒருநாள் பயணமாக இல்லாமல், வெள்ளிக்கிழமை இரவே கிளம்பிச் செம்மேட்டில் தங்குவது என்று முடிவாயிற்று. பேரன் முழுமனத்தோடு சம்மதித்தான் என்று சொல்ல முடியாது. "சிக்னல் இருக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

* * *

வாழவந்தி நாட்டில் காப்பித்தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், என் வங்கிக்கால நண்பர். அவர் வீட்டில்தான் தங்கினோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, கீழே காப்பிச் செடிகள். சாமைச் சோறும் மலைவாழைப் பழமும் வைத்து உபசரித்தார்கள். அவருடைய பேத்தி பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அவளிடமும் அந்த மூன்று தலைப்புகளைக் கேட்டுப் பார்க்கும்படி பேரனை ஏவினேன்.

மலைவாழ் பிள்ளை, அவள் விடை வேறுவிதமாக இருக்கும் என்று எண்ணினேன். முதல் விடையிலேயே அந்த எண்ணம் சரிந்தது. பொழுதுபோக்கு அவளுக்கும் கைப்பேசிதான். பேரன் பார்க்கும் அதே காணொலிகள், அதே பாடல்கள். "அதோ அந்தப் பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அதுதான் ஒரே வேறுபாடு" என்று சிரித்தாள்.

"எந்த ஊருக்குப் போக ஆசை?"

"கடல் பார்க்கவேண்டும். நான் பார்த்ததே இல்லை." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "விடுமுறை என்றால் எல்லாரும் எங்கள் ஊருக்கு வருகிறீர்கள். அருவி பார்க்கிறீர்கள், படம் எடுத்துக்கொள்கிறீர்கள், போய்விடுகிறீர்கள். இங்கேயே இருக்கிறவர்கள் எங்கே போவது?"

பேரன் தலைகுனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜப்பானைப் பற்றி அவன் அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாவது கேள்விக்கு அவள் யோசிக்கவேயில்லை. எழுந்து வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்றாள். சரிவில் பெரும்பகுதி மரவள்ளிக் கிழங்கு. ஓரத்தில் இரண்டு பாத்தி அகலத்துக்கு இளம் பயிர். "இது சாமிச் சாமை" என்றாள். முன்னர் அந்தச் சரிவு முழுவதும் சாமையும் கேழ்வரகுமாகத்தான் இருந்ததாம். காசு வருவது கிழங்கில் என்பதால் நிலமெல்லாம் கிழங்குக்கு மாறிவிட்டது. கொல்லிமலையெங்கும் நடந்த கதைதான் இது. கிழங்குப் பயிருக்குக் கடன் வழங்கிய கையெழுத்துகளில் என்னுடையவையும் உண்டு. ஆயினும் புதிதாக விளைந்த சாமையைக் குத்திப் பொங்கி முதலில் குலதெய்வத்துக்குப் படைக்கவேண்டும் என்பதற்காக அந்த இரண்டு பாத்தியை மட்டும் அவர்கள் விடவில்லை.

"விதைப்பதற்கு முதல் பிடி அள்ளிக் கொடுப்பது நான்தான். ஆறு வயதிலிருந்து என் வேலை அது. நான் கல்லூரிக்குப் போனாலும் அன்றைக்கு வந்துவிடவேண்டும் என்று பாட்டி இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்" என்றாள்.

என் வேலை அது! அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. கேட்டவுடன் அவளால் விடை சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்த மரபில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அவள் இல்லாவிட்டால் ஓர் இடம் வெறுமையாக இருக்கும். என் பேரன் அன்றுவரை எங்கள் ஆடிப் பதினெட்டுக்கு வராமலிருந்தால் எது குறைந்திருக்கும்? காரில் ஓர் இருக்கை காலியாக இருந்திருக்கும். அவ்வளவே. பொரியை நானே வாங்கினேன், நானே சுமந்தேன், நானே படைத்தேன். என் தந்தை பன்னிரண்டு வயதில் என் தோளில் மாட்டிய பையை, அறுபது வயது கடந்தும் நான் இறக்கி வைக்கவில்லை.

அன்றிரவே அந்த மஞ்சள் பையைப் பேரனிடம் கொடுத்தேன். என் தந்தை சொன்ன அதே சொற்களைச் சொன்னேன்.

* * *

மறுநாள் சனிக்கிழமை, செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கையொட்டி அரசு நடத்துவது. மலர்க் கண்காட்சியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வில்வித்தைப் போட்டியின் முன்னால் பேரன் வெகுநேரம் நின்றான். ஓரியின் ஒற்றை அம்புக் கதையைச் சொன்னேன். "ஐந்து உயிரா? ஒரே அம்பா? இது என் விளையாட்டில்கூட முடியாது" என்றான். அந்தக் கதை அவனுக்குள் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அன்றிரவு அந்தப் பாறைமேல் இரு பிள்ளைகளும் ஏறிச் சிக்னல் தேடினர். சிறிது நேரத்தில் பேரன் ஓடிவந்தான். "தாத்தா, ஜப்பானிலும் ஆடிப்பெருக்கு இருக்கிறது!" கைப்பேசியில் காட்டினான். ஆகஸ்டு நடுவில் அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் 'ஓபோன்' என்று ஒரு விழா. முன்னோர்கள் அந்நாள்களில் வீட்டுக்கு வருவதாக நம்பிக்கை. பெருநகரங்களில் வேலை செய்வோர் விடுப்பெடுத்துச் சொந்த ஊருக்குத் திரும்புகின்றனர். அவன் ஏற விரும்பிய புல்லட் ரயில்களில் அப்போது கூட்டம் நிரம்பி வழியும். முன்னோர் கல்லறைகளைத் தூய்மை செய்கின்றனர். இரவில் ஊரார் வட்டமாகச் சுற்றி ஆடுகின்றனர். பல ஊர்களில் விழா முடிவில் காகித விளக்குகளை ஆற்றில் மிதக்கவிடுகின்றனர். நம் பெண்கள் காவிரியில் விளக்கு விடுவதைப் போலவே இருந்தது அந்தப் படம்.

அவன் கனவு காணும் நாட்டிலும் அந்த மூன்று கணக்குகள் அந்நாள்களில் ஒன்றாகின்றன என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அது போதும்.

* * *

ஆடிப் பதினெட்டு. ஐயாற்றில் நீராடி, ஈரத்துணியோடு கரையேறும் மக்கள் கூட்டம். பேரன் தோளில் மஞ்சள் பை. நான் ஒரு கல்லின்மேல் அமர்ந்துவிட்டேன்.

திடீரென்று ஒரு கூச்சல். மரத்திலிருந்து தாவிய குரங்கு ஒன்று பையைப் பற்றி இழுக்க, பொரி முழுவதும் மண்ணில் சிதறியது. பேரன் முகம் வெளுத்துவிட்டது. "போனால் போகிறது, குரங்கும் இறைவன் படைப்புத்தான்" என்று அவனைத் தேற்ற எழுந்தேன். அதற்குள் அவனைக் காணவில்லை.

ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கடைத்தெரு முழுவதும் அலைந்திருக்கிறான். நான்காவது கடையில்தான் பொரி கிடைத்ததாம். தன் கைச்செலவுக்கு வைத்திருந்த பணத்தில் வாங்கியிருந்தான். பையைச் சட்டைக்குள் மறைத்துக் கட்டியிருந்தான். எங்களில் யாரையும் பார்க்காமல் நேரே ஆற்றோரம் போய்க் குந்தியமர்ந்து, ஒவ்வொரு பிடியாக நீரில் தூவினான். மீன்கள் வந்தன. அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் தந்தை எதற்காகத் தலையசைத்தார் என்பது அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. நானும் தலையசைத்தேன். அறப்பளீசுவரரும் தாயம்மையும் அன்று அளித்த தரிசனம், கண்ணில் நீர் மறைத்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

தரிசனம் முடிந்ததும் தந்தையும் மகனும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையில் நீராடி வந்தனர். நான் கோயில் வாயிலில் அமர்ந்து காலிப் பையைக் காவல் காத்தேன்.

* * *

பேரன் மாறிவிட்டான் என்று எழுதினால் அது மிகை. பெங்களூரு திரும்பும் வழியிலேயே விளையாட்டைத் திறந்துவிட்டான். ஜப்பான் ஆசை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. வரும் ஆண்டு பத்தாம் வகுப்பு. ஆடிக்கு வருவானா என்பது ஈசனுக்கே வெளிச்சம். ஆனால் ஊருக்குக் கிளம்பும்போது, "அந்தப் பையை வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள் தாத்தா" என்றான்.

இன்னொரு செய்தி. தைப்பூசத்துக்குப் பின் திருச்செந்தூர் செல்வது எங்கள் வீட்டு வழக்கம். இம்முறை வாழவந்தி நாட்டு நண்பரின் குடும்பத்தையும் உடன் வரும்படி என் இல்லாள் அழைத்திருக்கிறாள், அவர்களும் இசைந்துள்ளனர். அலைவாய்ச் செந்திலாண்டவன் சந்நிதியில் அந்தப் பெண் முதன்முதலாகக் கடலைப் பார்க்கட்டும். அவளுக்கு அது சுற்றுலாவாகவும் இருக்கட்டும், யாத்திரையாகவும் இருக்கட்டும். இரண்டும் வெவ்வேறு என்று யார் சொன்னது?

அன்பர்களே! நம் பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை என்று வருந்தும் முன், அவர்களுக்காக அங்கே நாம் என்ன வேலை வைத்திருக்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். விளக்குக்கு எண்ணெய் சுமக்கட்டும். வில்வம் ஆய்ந்து கொடுக்கட்டும். தலவரலாற்றை உரக்கப் படித்துச் சொல்லட்டும். வழியைக் கைப்பேசியில் பார்த்து அவர்களே நம்மை அழைத்துச் செல்லட்டும். சில நேரம் பொரி சிதறும். சிதறட்டும். அதை மீண்டும் வாங்கி வர ஓடும் கால்கள் நம்மிடம் இப்போது இல்லை, அவர்களிடம் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் அந்த மஞ்சள் பை எது? அதை இன்னும் நீங்களே சுமந்துகொண்டிருந்தால், வரும் திருநாளில் இறக்கி ஓர் இளந்தோளில் மாட்டுங்கள். அறப்பளீசுவரர் திருவருளால் அது கனக்காது.